அடம்பன் வரைக்கும் ஏற்றிய வரைபடம்

வெளிநாட்டுக்குச் சைக்கிளோடு போகிறவள் பாஸ்போர்ட்டை மறந்தாலும் மறக்கலாம், வரைபடம் ஏற்ற மறக்கக் கூடாது என்று எங்கள் சைக்கிள் குழுவில் இருக்கும் மார்லீஸ் சொன்னாள். அவள் பிறவி ஹாலந்துக்காரி. பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை, அதனால் அப்படிப் பேச வருகிறது. நான் சிரித்து வைத்தேன்.

நான் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். கல்யாணம் கட்டி ஹாலந்துக்குப் போய், அந்த நாட்டுப் பிரஜையாகி, உட்ரெக்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். தம்பி சுதன் இன்னும் முகாமில், அம்மாவோடு இருக்கிறான். அவனும் அங்கேதான் பிறந்தான். பிறந்த நாடு அவனைத் தன் பிள்ளையாகச் சேர்க்கவில்லை. வருடக்கணக்கில் அலைந்து இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி ஒன்றுதான் பாக்கி, அதுவும் இந்த வாரம் வந்துவிடும் என்றார்கள். வந்ததும் வியாழக்கிழமை மதுரையில் விமானம் ஏறி, கொழும்பு வழியாக, மன்னாருக்குப் பக்கத்தில் இருக்கும் அடம்பனுக்கு இருவரும் போவதாக ஏற்பாடு. அடம்பன் எங்கள் அப்பாவின் ஊர். அப்பா இறந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. நான் பார்த்துவிட்டு வர நினைத்தேன். சுதனுக்கு அங்கேயே தங்கிவிட ஆசை. மன்னாரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலை அவனுக்காகக் காத்திருந்தது.

அதற்கு முன்னால் ஒரு வாரம் ராமநாதபுரம் கடற்கரை ஓரமாகச் சைக்கிள் மிதிக்கலாம் என்று நினைத்தேன். இருபது வயது வரைக்கும் அந்தக் கரையில் இருந்தும், முகாம் வாசலிலிருந்து பஸ் போகும் தூரத்துக்கு மேல் நான் எதையும் பார்த்ததில்லை. சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி என்னிடம் உண்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அது வாங்கும்போதே ஐரோப்பா முழுவதையும் வயிற்றில் வைத்திருக்கும். வேறு நாடு வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் உலகத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள், வேண்டிய சதுரத்தை இறக்கி, கேபிள் போட்டுக் கருவிக்குள் ஏற்ற வேண்டும். இடம் போதாவிட்டால் ஏதாவது ஒரு நாட்டை அழிக்க வேண்டும். நான் ஜெர்மனியையும் பெல்ஜியத்தையும் அழித்துவிட்டு இந்தியாவை ஏற்றப் போட்டேன். பாதி ஏறும்போது விமானத்துக்கு நேரமாகிவிட்டது, பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மதுரையில் இறங்கி ராமேஸ்வரம் ரயிலில் சைக்கிள் பெட்டியை ஏற்றியபோதே என் பயணம் பிறருக்குச் சொந்தமாகிவிட்டது. பெட்டியில் என்ன என்று வண்டியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சைக்கிள் என்றதும், இங்கே சைக்கிளே கிடைக்காதா, அங்கிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று ஒரு அம்மா வருத்தப்பட்டாள். பரமக்குடியில் ஏறிய பெரியவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுப்பினால் கோபித்துக்கொண்டார். ஹாலந்து ரயிலில் சைக்கிளுக்குத் தனிப் பெட்டி, தனிச் சீட்டு, பக்கத்தில் உட்கார்ந்தவன் இறங்கும்வரை வாய் திறக்க மாட்டான். எது மேல் என்று கேட்டால் அன்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் போட்டு, மறுநாள் காலை பாம்பன் பாலத்தில் ஏறினேன். காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளியது. கருவியைப் பார்த்தால் திரையில் ரோடே இல்லை. வெறும் நீலத்துக்கு நடுவில் நான் என்கிற அம்புக்குறி மட்டும் தனியாக நகர்ந்தது. பாதி ஏறிய வரைபடத்தின் லட்சணம் அது. பின்னால் வந்த சுற்றுலா வேன் காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

முகாமுக்குள் நான் போக முடியாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் உள்ளே நுழைய மேலிடத்து அனுமதி வேண்டும், அது கிடைப்பதற்குள் என் விசா முடிந்துவிடும். நான் தவழ்ந்த தரைக்கு நான் அந்நியப் பெண். அதனால் அம்மாவும் சுதனும் மண்டபம் கேம்ப் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். இடியப்பமும் சொதியும் தூக்குச்சட்டியில் வந்தன. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பிறகு இளைத்துவிட்டாய் என்று திட்டினாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சொதியில் உப்பு கூட என்று அம்மா மேலேயே பாய்ந்தேன்.

சுதன் கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். படித்த பிள்ளை, எலக்ட்ரானிக்ஸ் பட்டம் வைத்திருக்கிறான், பெயிண்ட் அடிக்கப் போகிறான். வேலை இல்லாத நாளில் கல்லூரிக் காலத்து லேப்டாப்பில் பிறர் கல்யாணங்களை அழகாக்குகிறான். லாட்ஜில் நெட் இல்லை என்று நான் அலுத்துக்கொண்டதும், தா அக்கா, நான் ஏற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டான். ஆறு மணிக்குள் உள்ளே திரும்ப வேண்டும், போய்விட்டார்கள்.

அடுத்த நாள் கருவி புதுசாக வந்தது. புதுமடத்துக்குப் போகும் சந்துகூட, பேர் இல்லாத கண்மாய்க்கரைப் பாதைகூடத் திரையில் இருந்தது. பழைய வரைபடம் சிக்கிக்கொண்டதால் கருவியை முழுக்க அழித்து முதலிலிருந்து தொடங்கினானாம். ராமநாதபுரத்துக்கென்று வெட்டிய சதுரம் அதோடு நிற்கவில்லை, கடலையும் தாண்டி மன்னாரையும் சேர்த்து வெட்டியிருந்தது.

"சதுரம் வெட்டினவன் நடுவில கடல் கிடக்கெண்டு பாக்கேல்ல அக்கா. ரெண்டு கரைக்கும் ஒரே துண்டு. அடம்பனுக்கு வேற ஏத்தத் தேவையில்ல," என்றான்.

அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகின்றன. என்னோடு பேசும்போது வீட்டுத் தமிழ், டீக்கடைக்காரரிடம் திரும்பினால் "அண்ணே, ரெண்டு டீ போடுங்க, இந்தா வாரேன்" என்று அசல் ராமநாதபுரத்துக்காரன். ஒரே மூச்சில் இரண்டும் வருகிறது. அன்று புதுமடம் வரைக்கும் போனோம். அவன் சைக்கிளுக்கு கியரும் இல்லை, பின் பிரேக்கும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் போட்டிருந்த மெஸ்ஸில் நகரை மீன் குழம்பு சாப்பிட்டோம். பரிமாறிய பெண் என் சைக்கிள் சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கல்லாக இருக்கிறதே, இதில் எப்படி உட்காருகிறாய் தாயி என்று பரிதாபப்பட்டு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். உட்ரெக்டில் மத்தியானச் சாப்பாடு என்றால் இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் ஒரு சீஸ். அதைத் தின்றுவிட்டு எல்லோரும் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

மூன்றாம் நாள் உப்பூர். அங்கே ஒரு பிள்ளையார் இருக்கிறார், எப்போதும் வெயில் படும்படி உட்கார்ந்திருப்பவர். இலங்கைக்குப் போகுமுன் ராமரே அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார் என்பார்கள். அனுமதி வந்துவிட வேண்டும் என்று அம்மா அவருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாள். முகாமிலிருந்து மிதித்துப் போய்த் திரும்ப ஒரு பகல் போதாது. சுதனுக்குத் தெரிந்த மீன் வண்டியில் சைக்கிள்களைப் போட்டுத் தேவிபட்டினம் வரை போய், அங்கிருந்து மிதிப்பது, திரும்பும்போதும் தேவிபட்டினத்தில் அதே வண்டியைப் பிடிப்பது என்று முடிவு. காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனதில் என் உடம்பெல்லாம் கருவாட்டு நாற்றம். தேவிபட்டினத்தில் தண்ணீர் குடித்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினோம். கருவை மரமும் உப்பளமும் வெயிலும்தான் வழி முழுக்க.

உப்பூரில் அனல் மின் நிலையம் கட்ட எடுத்த இடத்தைச் சுதன் தூரத்திலிருந்து காட்டினான். தொடங்கிய கம்பிகள் துருப்பிடித்து நின்றன. இதுவும் அனுமதிக்குத்தான் நிற்கிறது போல என்றான். கோயிலில் தேங்காய் சுத்தமாக இரண்டாக உடைந்தது. அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினான். ராமருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று நான் கேட்டதற்கு, வாயை மூடு அக்கா, கோயில் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திரும்பும்போது திருப்பாலைக்குடிக்கு முன்னால் அவன் சைக்கிள் பஞ்சர். அரை மணி உருட்டி, கடை கண்டுபிடித்து ஒட்டி, பரோட்டா தின்று கிளம்ப நேரம் போய்விட்டது. ஆறு மணிக்கு உள்ளே இருந்தாக வேண்டும். வேகமாக மிதித்து வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் கை காட்டி நிறுத்தினார்கள்.

கான்ஸ்டபிள் சின்ன வயது, நல்ல மாதிரிதான். என் சைக்கிள் எவ்வளவு, எத்தனை கிலோ, ஹாலந்தில் மழை பெய்யுமா என்றெல்லாம் விசாரித்தார். கருவியைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. அந்தக் கரையில் ஜிபிஎஸ் என்றால் படகில் வைப்பது, படகில் வைப்பது என்றால் எங்கே போகிறாய் என்ற கேள்வி. இது சைக்கிளுக்கானது, பாருங்கள் என்று நானே கழற்றிக் கையில் கொடுத்தேன். அவர் ஆசையாகத் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த வீட்டுப் படத்தை அமுக்கினார். திரையில் ஒரு ஊதாக் கோடு எழுந்தது. நாங்கள் நின்ற ரோட்டிலிருந்து கிளம்பி, கடலில் இறங்கி, நேராக மறு கரைக்குப் போய் மன்னாரில் நின்றது.

முதலில் அவர் சிரித்தார். ஏலே, இது கடலுக்குள்ள போகச் சொல்லுது என்றார். பிறகு அந்தக் கோட்டின் முனையை விரித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. உள்ளே போய் எஸ்.ஐ.யைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கருவியை அழித்துத் தொடங்கினால் அது பெயர் கேட்கும், எடை கேட்கும், பிறகு வீடு எங்கே என்று கேட்கும். கேட்ட இடத்தில் சுதன் அடம்பனைப் போட்டிருக்கிறான். விளையாட்டுக்குப் போடவில்லை. முகாம் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் கற்றுக்கொடுப்பது அதைத்தான். அதிகாரி யார் வந்து கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், பார்க்காத ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை வகுப்பில் மண்டபம் என்று சொல்லிவிட்டு வந்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். மண்டபம் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு அது திமிர். ஹாலந்தில் பிறந்த எவனும் இந்தக் கேள்விக்கு உட்ரெக்ட் என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

எஸ்.ஐ. என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். சுதனை நிற்க வைத்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார்.

"அடம்பன் சார், மன்னார் மாவட்டம்," என்றான் சுதன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

போயிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை. பிறந்தது எங்கே. மண்டபம் கேம்ப்பில். எஸ்.ஐ. கருவியை மேஜையில் வைத்தார்.

"பொறந்தது இங்கன. வளந்தது இங்கன. கண்ணால பாக்காத ஊருக்குக் கடல்ல கோடு போட்டு வச்சிருக்க. ஏன்டா?"

"நீங்கதான் சார் அப்படிச் சொல்லச் சொன்னீங்க."

"யாரு, நானா?"

"எல்லா சாரும்தான்."

அதில் கேலி ஒன்றும் இல்லை, நான் அவன் அக்கா, எனக்குத் தெரியும். கேட்டதற்கு உண்மையைச் சொன்னான். எஸ்.ஐ., வாய் ஜாஸ்தி என்றார்.

கருவி என்னுடையது, வரைபடம் ஏற்றச் சொன்னது நான், தப்பு என்றால் என்னைப் பிடியுங்கள் என்று நான் கத்தினேன். கத்தினேன் என்பதுதான் சரி, என் குரல் எனக்கே கேட்டது. எஸ்.ஐ. டீ வரவழைத்துக் கொடுத்தார். உங்கள் மேல் ஒன்றும் இல்லை மேடம், நீங்கள் டூரிஸ்ட், தாராளமாகப் போகலாம் என்றார். இதே மண்ணில் ஒரே குடிசையில் பிறந்தவர்கள் நாங்கள், ஒருத்தி கையில் இருந்தால் அது சைக்கிள் சாமான், ஒருத்தன் விரல் பட்டால் அது சாட்சி. அந்த டீயை நான் குடிக்கவில்லை. இன்று நினைத்தாலும் அந்த மரியாதைதான் எரிகிறது.

மேலே போன் போட்டார்கள், மேலே இருந்து போன் வந்தது. இரவு அவனைத் தங்கள் வண்டியிலேயே முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இரண்டு சைக்கிளோடு எந்த பஸ்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் கோழித்தீவன லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. டிரைவர் வழி முழுக்கத் தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார், நான் உம் கொட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களுக்குச் சாப்பாட்டு ருசியும் இல்லை, பார்த்த இடமும் இல்லை. விசாரணை முடியும்வரை அனுமதி இல்லை என்று சுதனுக்குச் சொல்லிவிட்டார்கள். விசாரணை எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முகாம் அலுவலகத்தில் போய் நின்று கையெழுத்துப் போட வேண்டும். மன்னார் ஸ்டூடியோக்காரர் இரண்டு வாரம் பொறுக்கிறேன் என்றார். நான் விமானத்தைத் தள்ளிப்போட்டேன், இன்னும் ஒரு முறை தள்ளிப்போட்டேன். அலுவலகம் அலுவலகமாகப் போய் நின்றேன். எல்லோரும் எழுந்து நின்று பேசினார்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்கள், ஒரு எழுத்துகூட எழுதித் தரவில்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், வெளிநாட்டவர் உடைமையாம். உள்ளே இருந்த வரைபடத்தை யாரோ அழித்திருந்தார்கள். கருவியைப் பையின் அடியில் தள்ளினேன்.

ஹாலந்துக்குத் திரும்பும் விமானம் கொழும்பிலிருந்து, அதைத் தள்ள முடியாது. கையில் இருந்தது ஒரே ஒரு பகல். நீ இல்லாமல் நான் அடம்பனுக்குப் போக மாட்டேன், நேரே ஹாலந்துக்குப் போகிறேன் என்று ரயில் நிலையத்துப் பெஞ்சில் வைத்து சுதனிடம் சொன்னேன். அவன் என் மேல் கோபப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

"எனக்காக நீயும் இங்க நிண்டு என்ன செய்யப்போறாய்? உன்னால போகேலும். போகக்கூடிய ஆளாவது போகோணும். போய் நிண்டுகொண்டு எனக்கு வீடியோ கோல் எடு, பதிஞ்சு அனுப்பாத. நானும் உன்னோட சேந்து பாக்கிறன்."

போனேன். சைக்கிளை அவனிடமே விட்டுவிட்டேன். மண்டபத்திலிருந்து மதுரை, மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மன்னார் பஸ். கடலில் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊருக்கு இரண்டு நாட்டை வளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மதவாச்சி தாண்டி பஸ் டயர் வெடித்தது. மாற்று டயர் எங்கிருந்தோ வரும்வரை ரோட்டோரத்தில் நின்றோம். பக்கத்தில் நின்ற ஒருவர் ஒரு வாழைப்பழம் தந்து, எங்க பிள்ளை போறீங்கள் என்று கேட்டார். அடம்பனுக்கு என்றேன். ஆர் வீட்டுக்கு என்றார். நான் வாழைப்பழத்தை உரிக்கத் தொடங்கினேன்.

அடம்பனில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. வயல்கள், ஒரு குளக்கட்டு, பனைகள், மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண். அப்பா சொன்ன எதையும் என்னால் அடையாளம் பிடிக்க முடியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு வீடியோ கால் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, சுதன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். பிறகுதான் உறைத்தது, மணி ஆறு. அவன் கையெழுத்துக்கு நின்றுகொண்டிருப்பான். போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நான் குளக்கட்டிலேயே நின்றேன். கண் முன்னால் வயல் கறுத்தது, பனைகள் கறுத்தன. அவன் கூப்பிட்டபோது என் கையே எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரிசை பெரிது என்றான். மூச்சு வாங்கியது, வாசலில் இருந்து ஓடி வந்திருக்கிறான். போனைத் தூக்கி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினேன். இது வயல், இது குளம், அங்கே ரோடு என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"ஒண்டும் தெரியேல்ல அக்கா. ஒரே இருட்டாக் கிடக்கு," என்றான். "பரவாயில்ல. விடிய எடு, வெளிச்சத்தில பாப்பம்."

விடிய எனக்குக் கொழும்பில் விமானம், இரவு பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அதைச் சொன்னேன். ஓம் ஓம் என்றான். பிறகு, வைக்காத அக்கா, பஸ் வரும் வரைக்கும் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில் என்றான். நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.